842 சென்டிமார்கனும் அப்பத்தா வீட்டு முறையும்

கேள்வி:

ஐயா, எனக்கு 51 வயது. தங்கச்சிமடத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மகள் இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். போன வருஷம் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, விளையாட்டாக ஒரு டிஎன்ஏ சோதனைக் குழாயில் எச்சில் துப்ப வைத்தாள். அது இப்போது வினையாகிவிட்டது. டொரண்டோவில் இருக்கும் ஒரு பெண்மணியோடு 842 சென்டிமார்கன் பொருந்துகிறது, மொத்தம் 41 துண்டுகள், அதில் பெரியது 88, முதல்நிலை 'கசின்' என்று முடிவு வந்திருக்கிறது. அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பூர்வீகம் மன்னார் தீவில் பேசாலை. அவருடைய அப்பா நெடுந்தீவுக்காரர். அம்மா 1945-ல் பேசாலையில் பிறந்து ஞானத்தாய் வீட்டில் வளர்ந்தவராம். "எங்கப்பா ராமேஸ்வரம் பக்கத்து ஆள்" என்பதைத் தவிர அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. 1990-ல் படகில் வந்து மண்டபம் முகாமில் இரண்டு வருஷம் இருந்து, பிறகு கனடா போயிருக்கிறார். இன்னும் உயிரோடு இருக்கிறார், வயது 80.

என் அப்பா 1948-ல் பிறந்தவர். ஒரே தம்பி, அவர் கல்யாணம் ஆகாமலே இறந்துவிட்டார். தாத்தா இளவயதில் பேசாலையில் வாடி (கரையோரக் கொட்டகை) போட்டுக் கருவாட்டு வியாபாரம் செய்தவர். அப்பத்தா பாம்பன். அப்பத்தாவின் தம்பி மகள்தான் என் அம்மா. அவர் இப்போது இல்லை. தாய்மாமா பாம்பனில் இருக்கிறார். தாத்தா அக்கரையில் சின்ன வீடு வைத்திருந்தார் என்று என் மனைவி முடிவே கட்டிவிட்டாள். கோயில் கமிட்டியில் பெரிய மனுஷராக இருந்தவர் அவர். அப்பாவுக்குச் சுகரும் இருக்கிறது, நெஞ்சுவலியும் இருக்கிறது. அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்கத்தான் வேண்டுமா? முடிவில் "இலங்கை 14 சதவீதம்" என்று வேறு போட்டிருக்கிறது. நாளைக்குச் சொத்தில் பங்கு கேட்டு வருவார்களா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

முதலில் அந்த 14 சதவீதத்தைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அந்த வட்டப் படத்தைப் பார்த்துக் குழம்பி எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்த நிறுவனம் தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு உங்கள் மரபணுவை ஒப்பிட்டு, எதற்குக் கிட்டத்தில் இருக்கிறது என்று ஊகித்துப் போடுகிற கணக்கு அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல். 1914-லிருந்து 1964 வரை ரயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறி, அந்தப் பக்கம் மறுபடி ரயில் பிடித்துப் போனது ஊர். அதற்கு முன்பு வள்ளத்தில் போனது. இந்த இரண்டு கரைக்கும் சதவீதம் பிரித்துக் கொடுக்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது. அக்கரைச் சொந்தமே இல்லாத குடும்பத்துக்கும் அது 14 காட்டும்.

842 அப்படித் தள்ளிவிடக் கூடியது அல்ல. அது அளந்து சொன்னது. ஆனால் அதை உங்கள் மனைவி படித்த விதத்தில்தான் எனக்குச் சம்மதமில்லை.

சென்டிமார்கன் என்பதைத் துணி அளக்கும் முழம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரின் மரபணுவில் ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை அளந்து கூட்டிச் சொல்கிறார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,500 வரும். மற்ற உறவுகளுக்கு எவ்வளவு வரும் என்று பிளெய்ன் பெட்டிங்கர் என்பவர் ஏறக்குறைய 60,000 பேரின் கணக்கைத் திரட்டி ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். 2020-ல் வந்த பதிப்பைத்தான் எல்லோரும் வைத்திருக்கிறோம். அதன்படி, கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சராசரி 866. 396-லிருந்து 1,397 வரை பார்த்திருக்கிறார்கள். அப்பா ஒருவர், அம்மா வேறு என்று பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் சராசரி 449. அது 156-லிருந்து 979 வரை போகும். உங்கள் 842 இரண்டுக்குள்ளும் விழுகிறது. சராசரிக்குப் பக்கத்தில் இருப்பதால் நிறுவனம் 'கசின்' என்று போட்டுவிட்டது. (நமக்கு அந்த ஒரு வார்த்தை போதாது. உங்கள் அப்பாவும் அந்த அம்மாவும் எந்த வகையிலாவது கூடப்பிறந்தவர்கள் என்றால், டொரண்டோக்காரர் உங்களுக்கு அத்தை மகள். முப்பது வருஷம் முந்தித் தெரிந்திருந்தால் வீட்டில் வேறு பேச்சு நடந்திருக்கும்.)

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பட்டியல், அப்பா வழியும் அம்மா வழியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு குடும்பம் என்று நினைத்துப் போட்டது. உங்கள் அம்மா உங்கள் அப்பாவுக்கு மாமன் மகள். அதாவது உங்கள் உடம்பில் அப்பத்தா வீட்டு ரத்தம் இரண்டு வாசல் வழியாக வந்திருக்கிறது: அப்பா வழியாக ஒன்று, அம்மா வழியாக இன்னொன்று. நீங்கள் அனுப்பிய 41 துண்டு என்ற எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தட்டியது. ஒரே உறவு, நேர் உறவு என்றால் இந்த அளவு நீளத்துக்குத் துண்டுகள் இதைவிடக் குறைவாகவும், ஒவ்வொன்றும் நீளமாகவும் இருக்கும். ஏழு, எட்டு, ஒன்பது என்று சில்லறை நிறையச் சேர்ந்திருந்தால் அது பழைய முறைச் சொந்தம் பேசுகிறது. 88 நீளத்தில் ஒரு துண்டு இருப்பதால் கிட்டத்துச் சொந்தமும் உண்டு. இரண்டும் கலந்திருக்கிறது.

இதை நான் சும்மா சொல்லவில்லை. ஆரம்ப காலத்தில் ஒரு பெண்ணிடம், எண் 1,700-ஐத் தாண்டியிருந்ததைப் பார்த்து, "இவர் உங்கள் அப்பாவுக்கு வேறு இடத்தில் பிறந்த பெண்ணாக இருக்கலாம்" என்று சொல்லித் தொலைத்தேன். பத்து நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. கடைசியில் பார்த்தால், அண்ணன் தம்பி இரண்டு பேர் அக்கா தங்கை இரண்டு பேரைக் கட்டியிருந்தார்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளுக்குள் வரும் அளவும், அப்பா மட்டும் ஒருவரான பிள்ளைகளுக்குள் வரும் அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். "உங்கள் சித்தி யார்?" என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அதிலிருந்து கல்யாண முறை தெரியாமல் எண்ணைத் தொடுவதில்லை.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி சொல்வதுபோல், தாத்தாவுக்கு அக்கரையில் அப்பத்தா குடும்பத்தோடு ஒட்டு உறவே இல்லாத ஒரு பெண்ணிடம் பிறந்தவர் அந்த அம்மா என்று வையுங்கள். அப்போது உங்களுக்கும் டொரண்டோக்காரருக்கும் இருப்பது தாத்தா வழி ஒன்றுதான். எதிர்பார்க்கும் சராசரி 449. 842 அதற்கு அதிகம். வர முடியாததல்ல, ஆனால் மேல் விளிம்பை ஒட்டிப் போகிறது.

அந்த அம்மாவும் உங்கள் அப்பாவும் ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்து, பெண் அங்கே வளர்ந்து, பையன் இங்கே வளர்ந்தார் என்று வையுங்கள். 866 வரும். அதோடு உங்கள் அம்மா அப்பத்தாவின் தம்பி மகள் ஆனதால், அந்த வழியில் டொரண்டோக்காரர் உங்களுக்கு இன்னொரு தூரத்து முறையும் ஆகிறார், பட்டியல் அதற்கு 229 சொல்கிறது. கூட்டினால் 1,095. 842 இதற்குக் கொஞ்சம் குறைவு. இதுவும் வரக்கூடியதே.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தாத்தா முதலில் அப்பத்தாவின் அக்காவைக் கட்டியிருந்தால்? வாடிக்கு அவளையும் கூட்டிப்போயிருந்தால்? 1945-ல் பேசாலையில் பிரசவத்தில் அவள் தவறிப்போய், பச்சைப் பிள்ளையை ஞானத்தாய் எடுத்து வளர்த்து, ஊர் திரும்பிய தாத்தாவுக்கு மாமனார் வீட்டிலேயே தங்கச்சியைக் கட்டி வைத்திருந்தால்? அக்கா போன இடத்துக்குத் தங்கச்சியைக் கொடுப்பது நம் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத காரியம். இதற்குக் கணக்கு: தாத்தா வழி 449, அக்கா-தங்கை வழி 229, உங்கள் அம்மா வழி 229. மொத்தம் 907. மூன்றில் 842-க்கு மிகவும் பக்கத்தில் இருப்பது இதுதான். அந்த அம்மா 1945, உங்கள் அப்பா 1948 என்ற வயது வரிசையும் இதற்கு ஒத்துப்போகிறது. சின்ன வீட்டுக் கதையானால் பிள்ளை மூத்த தாரத்துப் பிள்ளைக்குப் பின்னால் பிறப்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே அக்கரைப் பிள்ளை மூத்தது.

நான் இதுதான் நடந்தது என்று சொல்லவில்லை. சராசரியைக் கூட்டுவது சந்தையில் கண்ணால் எடை போடுவது மாதிரி. தாத்தாவுக்குக் கெட்ட பெயர் சூட்டும் முன்னால் இந்த மூன்றையும் வீட்டில் சொல்லுங்கள் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

இனி எப்படிக் கண்டுபிடிப்பது? பணம் செலவில்லாத வழியைத்தான் முதலில் சொல்வேன். நீங்கள் கத்தோலிக்கர்கள். குடும்ப வரலாறு தேடுகிற எவருக்கும் பொறாமை வரும் அளவுக்கு உங்களிடம் ஏடு இருக்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் காலத்துப் பிறந்த தேதிக்கு ஆதாரம் பள்ளிக்கூடச் சான்றிதழ்தான். அது வாத்தியார் போட்டது. ஜூன் மாதம் பள்ளி திறப்பதால் ஊரில் பாதிப்பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள். உங்களுக்கு அப்படியில்லை. ஞானஸ்நான ஏட்டில் பிறந்த நாள், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், கொடுத்த சாமியார் எல்லாம் இருக்கும்.

மூன்று பதிவுகளைப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் அப்பா அம்மா கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் ஞானஸ்நானம் பெற்ற பங்குக் கோயிலிலிருந்து சான்று வாங்கி வைப்பார்கள். உங்கள் அப்பாவின் சான்று எந்தப் பங்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். தங்கச்சிமடம் என்றால் ஒரு கதை. பேசாலை என்றால் முழுக்க வேறு கதை: அப்பாவே அக்கரையில் பிறந்து இங்கே கொண்டுவரப்பட்டவர் என்று ஆகும். மாமன் மகளைக் கட்டியதால் உறவுத் தடைக்கு விலக்கு வாங்கியதும் அதில் எழுதியிருக்கும். அப்பா அம்மா கல்யாணக் காலத்து ஏட்டில் 'இரண்டாம் படி' என்று கண்டால் குழம்பாதீர்கள். அப்போது எண்ணியது அப்படி. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்துக்குப் பிறகு அதே உறவை 'நான்காம் படி' என்கிறார்கள்.

இரண்டாவது, தாத்தா அப்பத்தா கல்யாணம். பெரும்பாலும் பெண் வீட்டுப் பங்கில்தான் நடந்திருக்கும், ஆகவே பாம்பனில் தொடங்குங்கள். முதலில் 1946, 1947-ஐப் புரட்டுங்கள், இல்லையென்றால் 1945-க்கு முன்னால் போங்கள். அந்தக் காலத்து ஏடு லத்தீனில் இருக்கும், அதுவும் மை பரவிப்போன கையெழுத்தில். நீங்கள் தேட வேண்டியது இரண்டே இரண்டு சொல். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் 'விதுவுஸ்' என்று இருக்கிறதா? மனைவியை இழந்தவர் என்று அர்த்தம். அப்புறம், விலக்கு கொடுத்த இடத்தில் 'அஃபினிதாஸ்' என்று இருக்கிறதா? இறந்த மனைவியின் தங்கையைக் கட்ட அந்த நாளில் ஆயரிடம் அனுமதி வாங்க வேண்டும், வாங்கியதை எழுதியாக வேண்டும். இந்த இரண்டும் இருந்துவிட்டால், சின்ன வீடு என்ற பேச்சை உங்கள் வீட்டில் மறுபடி யாரும் எடுக்க மாட்டார்கள். ஓலை வாசிப்பதிலிருந்து (கல்யாணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவிப்பதிலிருந்து) விலக்குக் கொடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், அவசரக் கல்யாணத்துக்கு அது ஒரு தடயம்.

மூன்றாவது, அக்கரை. பேசாலைப் பங்கில் 1945-ன் ஞானஸ்நானப் பதிவு. இதை நீங்கள் கேட்டால் கொடுக்க யோசிப்பார்கள். அந்த அம்மாவே மகள் மூலமாகத் தன் பதிவைக் கேட்டு எழுதினால் கிடைக்கும். பங்கில் கிடைக்காவிட்டால், மன்னார் மறைமாவட்டம் 1981-ல் வந்தது, அதற்கு முன் எல்லாம் யாழ்ப்பாணம். நம் பக்கமும் அப்படித்தான்: 1987-ல் சிவகங்கை பிரிவதற்கு முன் மதுரை, 1938-க்கு முன் திருச்சி. வருஷக் கடைசியில் பங்கு ஏட்டின் படி ஒன்றை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது பழைய சட்டம். ஆகவே ஒரு இடத்தில் பூச்சி அரித்திருந்தால் இன்னொரு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். தாத்தா கல்யாணம் தனுஷ்கோடியில் நடந்ததாக யாராவது சொன்னால் எனக்கு எழுதுங்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அங்கே என்ன மிஞ்சியது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏட்டில் பதில் கிடைக்கவில்லை என்றால் அடுத்த எச்சில் யாருடையது? எல்லோரும் அப்பா என்பார்கள். நான் உங்கள் தாய்மாமா என்பேன்.

காரணம் இது. மாமா அப்பத்தாவின் தம்பி மகன். அவருக்குத் தாத்தாவின் ரத்தம் கிடையாது, அப்பத்தா வீட்டு ரத்தம் மட்டும் உண்டு. (தாத்தா வேறு வழியில் அந்த வீட்டுக்கு முறை இல்லை என்றால். அதையும் மாமாவிடமே கேட்டுவிடுங்கள்.) டொரண்டோக்காரரோடு மாமாவுக்கு 400, 450 என்று பொருந்தினால், அந்த அம்மாவைப் பெற்றது அப்பத்தா வீட்டுப் பெண்தான்: அப்பத்தாவோ, அவர் அக்காவோ. ஒன்றுமே பொருந்தாவிட்டால் அது தாத்தா வழி மட்டும். நாற்பது, ஐம்பது என்று வந்தால் அதை எடுத்துக்கொண்டு கொண்டாடவும் வேண்டாம், அழவும் வேண்டாம். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரரோடும் அவ்வளவு வரும். அப்பாவைத் தொடாமலே பாதிக் கேள்வி இதில் தீர்ந்துவிடுகிறது. ஆனால் மாமாவிடம் எதற்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். "உடம்புக்கு நல்லது, துப்புங்க மாமா" என்பது கூடாது.

அப்பத்தாவா, அக்காவா என்ற மிச்சக் கேள்விக்கு இரண்டு பெரியவர்களும் வேண்டும், உங்கள் அப்பாவும் அந்த அம்மாவும். அங்கே மொத்த எண்ணை விட நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது. நம் மரபணு இரட்டைச் சரம்: அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. முழுக்கக் கூடப்பிறந்தவர்களுக்குக் கால்வாசி இடத்தில் இரண்டு சரமுமே ஒன்றாக இருக்கும். அப்பா மட்டும் ஒருவர் என்றால் அப்படி இருக்காது. அப்பா ஒருவர், அம்மாக்கள் அக்கா தங்கை என்றால் நடுவில், எட்டில் ஒரு பங்கு இடத்தில் இருக்கும். ஜெட்மேட்ச் போன்ற தளங்களில் இரண்டு பேரை நேருக்கு நேர் ஒப்பிட்டால் இந்த இடங்களைப் பச்சையாகக் காட்டும். படத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா சோதனை, ஒய் குரோமோசோம் சோதனை என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். முதலாவது தாய் வழியாக வருவது, அக்காவுக்கும் தங்கைக்கும் ஒன்றேதான். இரண்டாவது ஆண்களுக்கு மட்டும், அந்த அம்மாவிடம் அது இல்லவே இல்லை.

வயதானவர்களுக்குக் குழாய் நிறையத் துப்புவது பெரும்பாடு, சுகர்க்காரர்களுக்கு வாய் காய்ந்துவிடும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்க்கும் வகை இருக்கிறது, அதைக் கேளுங்கள். அரை மணி நேரம் முன்னால் சாப்பாடு, காபி, வெற்றிலை எதுவும் கூடாது. மாமாவுக்கு வெற்றிலைப் பழக்கம் இருந்தால் காலையில் எழுந்ததும் முடித்துவிடுங்கள். எல்லா நிறுவனங்களும் இந்தியாவிலிருந்து மாதிரி வாங்குவதில்லை; மகளை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள். பதிவு செய்யும்போது நோய் விவரம் பகிர்வது, ஆராய்ச்சிக்குத் தருவது ஆகிய கட்டங்களை எடுத்துவிடலாம். 2023-ல் இத்தகைய ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஏறக்குறைய 69 லட்சம் பேரின் விவரம் திருடு போயிருக்கிறது.

இப்போது அப்பா விஷயம். கேட்கத்தான் வேண்டுமா என்றால், ஒரு காரணத்துக்காக வேண்டும் என்கிறேன். அந்த அம்மாவுக்கு 80. உங்கள் அப்பாவுக்கு 77. 1990-ல் அந்த அம்மா மண்டபம் முகாமில் தட்டு ஏந்தி வரிசையில் நின்றபோது, நடுவில் இருந்தது பாம்பன் பாலம் மட்டும்தான். சாலைப் பாலம் திறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது, பஸ் ஓடியது. நீங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்காது.

ஆனால் செய்தியாகக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். "தாத்தாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சாப்பா?" என்று ஆரம்பித்தால் "எவன் சொன்னான்?" என்பதோடு முடியும். "அக்கரையில நமக்கு யார் யாருப்பா இருந்தாங்க?" என்று கேளுங்கள். கச்சத்தீவுத் திருவிழாவுக்குத் தாத்தா போனால் அங்கே யாரைத் தேடிப் பார்ப்பார், யாருக்குச் சேலை வாங்கிப் போவார் என்று கேளுங்கள். அப்பத்தாவுக்கு அக்கா யாரும் இருந்தார்களா, அவர்களுக்குக் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றுவது உண்டா என்று கேளுங்கள். நவம்பர் 2-ம் தேதி அப்பத்தா எந்தக் கல்லறையில் நின்றார் என்பது சில வீடுகளில் எந்த ஏட்டையும் விட நல்ல சாட்சி. கல்லறையே இல்லாமல் யாருக்காவது பூசை ஒப்புக்கொடுத்தார்களா என்பதையும் விடாதீர்கள். அக்கரையில் புதைத்தவர்களுக்கு அதுதான் வழி.

பெரியவர்களுக்குத் தெரியாமல் இருக்காது என்பது என் அனுபவம். கேட்காததால் சொல்லாதவர்கள்தான் அதிகம். ஒருவேளை அவர் முகம் மாறி, "அந்தப் பேச்சு வேண்டாம்" என்றால், அத்தோடு நிறுத்திவிடுங்கள். அவர் குடித்து வைத்த டம்ளரை எடுத்துப் போய்ச் சோதனை செய்யலாமா என்று போன மாதம் வேறொருவர் கேட்டிருந்தார். உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கூடாது. மாமாவின் சோதனையும் ஏடும் அப்பாவின் சம்மதம் இல்லாமலே உங்களுக்குப் போதுமான அளவு சொல்லிவிடும். நெஞ்சுவலிக்காரர் என்பதால் டாக்டரிடம் போய்வந்த ஒரு நல்ல நாளாகப் பாருங்கள், ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள்.

சொத்துப் பங்கு விஷயத்துக்கு நீளமாக எழுத ஒன்றுமில்லை. வீட்டில் துப்பிய எச்சிலை வைத்துக் கோர்ட்டில் யாரும் உறவை நிரூபிக்க முடியாது. எச்சில் யாருடையது, யார் எடுத்தார், யார் கையில் போனது என்பதற்கே அங்கே சாட்சி கேட்பார்கள். தாத்தா நிலத்துக்கு யார் யார் வாரிசு என்பது வக்கீல் சொல்ல வேண்டியது. நான் பார்த்த வரையில், எண்பது வயதில் தேடி வருகிறவர்கள் பத்திரம் கேட்பதில்லை, போட்டோ கேட்கிறார்கள். ஆனால் அது என் அனுபவம்தான், உத்தரவாதம் இல்லை.

டொரண்டோக்காரருக்கு என்ன எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு போதும்:

"அக்கா, வணக்கம். நம் இருவருக்கும் கிட்டத்துச் சொந்தம் இருப்பது உறுதி. எந்த வழி என்று இன்னும் தெரியவில்லை. அம்மாவிடம் உங்களுக்குச் சரி என்று படுகிற வரை மட்டும் சொல்லுங்கள். அம்மாவின் ஞானஸ்நானப் பதிவைப் பேசாலைக் கோயிலில் கேட்டு எழுத முடியுமா? பெற்ற தாயின் பெயரும் ஊரும்தான் நமக்கு வேண்டும். நான் இங்கே பாம்பன் ஏட்டைப் பார்க்கிறேன். என் அப்பாவிடம் இன்னும் பேசவில்லை, பேசியதும் எழுதுகிறேன்."

அவர் அம்மாவைச் 'சின்னம்மா', 'அத்தை' என்று முறை வைத்து இப்போதே எழுத வேண்டாம். முறை தெரிந்த பிறகு கூப்பிட்டால் போதும்.

பாம்பனுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். பூசை முடிந்து சாமியாரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள், உங்கள் குடும்பக் கதையைப் பதினோராவது ஆளாக நின்று சொல்ல முடியாது. வார நாளில் காலை பத்து மணிக்குப் போங்கள். தாத்தா, அப்பத்தா பெயர், அவர்கள் தகப்பன்மார் பெயர், உத்தேச வருஷம் நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஞானப்பெயரும் வீட்டில் கூப்பிட்ட பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். பழைய ஏட்டை உங்கள் கையில் தர மாட்டார்கள், அது சரியும்கூட. பக்கத்தைப் போட்டோ எடுக்க மட்டும் அனுமதி கேளுங்கள். எடுக்கும்போது அந்த ஒரு வரியை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும், ஓரத்தில் சின்னதாகக் கிறுக்கியிருப்பது உட்பட, எடுங்கள். 'விதுவுஸ்' என்ற சொல் கண்ணில் பட்டால் அன்றைக்கே எனக்கு அனுப்பிவிடுங்கள்.